வியாழக்கிழமை நான்கு மணிக்கு நான் போய்வந்த இடம்

என்றும் அன்புக்குரிய அண்ணாச்சிக்கு,

நீங்கள் போய் இந்த வாரத்தோடு ஓராண்டு ஆகிறது. நினைவு நாளென்றால் நம் பத்திரிகையில் ஒரு கட்டம் போட்டு, படம் வைத்து, கீழே மனைவி, மக்கள், பேரக்குழந்தைகள் என்று அச்சிடுவோம். உங்களுக்கும் அப்படித்தான் செய்வதாக இருந்தது. பக்கம் வடிவமைக்கும் பொன்மாரி கட்டத்தைக்கூடப் போட்டுவைத்துவிட்டாள். "படத்துக்குக் கீழ என்ன சார் எழுத?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனால் கட்டத்தை எடுத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதை வாசகர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீங்கள் இறந்த அன்று நான் அழவில்லை, அண்ணாச்சி. உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் தலைப்பெழுத்து ஒன்று விட்டுப்போயிருந்தது. அச்சகத்துக்குப் போன் செய்து திருத்தச் சொன்னேன். அன்று நான் செய்த ஒரே காரியம் அதுதான். மயானத்தில் எல்லோரும் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் போனார்கள். யார் யார் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

பத்திரிகை நிற்கவில்லை. அதே நான்கு பக்கம், அதே வெள்ளிக்கிழமை. காயல்பட்டினம் கட்டு காலை முதல் பஸ்ஸில் போகிறது. அங்கே வாங்குகிறவர்களில் பலர் பக்கத்தைப் படம் பிடித்து வளைகுடாவிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் தாங்கள் படிக்கிறார்களாம். வேம்பார்க் கட்டு இப்போதும் தாமதம்தான். அந்த ஏஜெண்டைத் திட்ட உங்களைப் போல எனக்கு வராது. உங்கள் ஆசிரியர் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. பழைய இதழ்களை அதில் அடுக்கியிருக்கிறேன். மரியாதைக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். அலமாரியில் இடமில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

கலவரத்தில் ஊர் கொதித்துக்கொண்டிருந்த அந்த நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. நீங்கள் செய்திக்காக வெளியே போயிருந்தீர்கள். அலுவலகத்தில் போன் அடித்தது, நான் எடுத்தேன். பத்திரிகைகளுக்குச் செய்திக் குறிப்பு தருகிற ஓர் அரசு அலுவலகத்திலிருந்து பேசினார்கள். எந்த அலுவலகம், யார் என்றெல்லாம் இங்கே எழுதவில்லை. "நிலைமை சரியாகுற வரைக்கும், அச்சுக்குப் போறதுக்கு முந்தி பக்கத்த ஒருதரம் காட்டிட்டுப் போங்க சார். சும்மா ஒரு பார்வைதான்" என்றார்கள். நான் "சரிங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

உங்களிடம் சொன்னால் நேரே போய்ச் சண்டை போடுவீர்கள், அவர்கள் அச்சகத்தைப் பூட்டுவார்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்தேன். உங்கள் இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் முதலில் பயந்தது என்னைப் பற்றித்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வாரம் வியாழக்கிழமை நான்கு மணிக்குப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அடுத்த வாரமும் போனேன். ஒரு மாதத்தில் ஊர் அடங்கிவிட்டது. நான் போவதை நிறுத்தவில்லை. நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம்.

இப்படித்தான் நடக்கும். வியாழன் மூன்றரை மணிக்குப் பொன்மாரி நான்கு பக்கங்களையும் பிரிண்ட் எடுத்துத் தருவாள். "வீட்டில் வைத்து நிதானமாகப் பிழை பார்க்கிறேன்" என்று சொல்லி, பழுப்பு உறையில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்குவேன். நேரே அந்த அலுவலகத்தின் இரண்டாவது மாடி. அங்கிருந்து பஸ் பிடித்து வீடு. திருத்தங்களைப் பொன்மாரிக்குப் போனில் சொல்வேன். ஏழு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போய்விடும். இத்தனை ஆண்டுகளில் காய்ச்சலென்று இரண்டு வியாழக்கிழமைகளைத்தான் விட்டிருக்கிறேன். அந்த இரண்டையும் குறித்துவைத்திருக்கிறேன்.

அங்கே அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். போகிறவர் வருகிறவரிடம், "வியாழக்கிழமை ஒரு பெரியவர் வருவார்" என்று சொல்லிவிட்டுப் போவார் போலிருக்கிறது. எனக்கு டீ வந்துவிடும். ஒருவர்கூட ஒரு செய்தியை எடு என்று சொன்னதில்லை. செய்தியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "இது இந்த வாரமே போகணுமா சார்?" என்று கேட்பார்கள். நான் பஸ் நிறுத்தத்தில் நின்று பொன்மாரிக்குப் போன் செய்து, "இடம் போதவில்லை, அந்தச் செய்தியை எடுத்துவிட்டு இருப்பில் உள்ள கட்டுரையைப் போட்டுவிடு" என்பேன்.

மறுநாள் நீங்கள் பத்திரிகையைப் புரட்டுவீர்கள். "என்னலே சுப்பையா, உப்பளத்துச் செய்தியக் காணல?" என்பீர்கள்.

"இடம் போதல அண்ணாச்சி."

"சரி. இடம் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு."

இதை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! வேடிக்கையாகச் சொல்கிறீர்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். யாரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னீர்கள், அண்ணாச்சி?

இனி மிக்கேல் விஷயம்.

கடற்கரையில் சங்குமேடு என்ற சிறு குப்பம். மிக்கேல் அங்கே சங்கு குளிக்கப் போகிறவர். காற்று எச்சரிக்கை வந்தால் அதைக் கரையில் வாசித்துக் காட்டி, கேட்டவர்களிடம் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. போன ஆண்டு காற்றில் மிக்கேலின் வள்ளம் கவிழ்ந்து அவர் இறந்துபோனார். நீங்கள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். வியாழக்கிழமை காலையில் செய்திக் குறிப்பு வந்தது. எச்சரிக்கையைக் கேட்டுக் கையெழுத்திட்ட பிறகும் அதை மீறிக் கடலுக்குச் சென்றதால் மிக்கேல் உயிரிழந்தார் என்று அரசுச் செய்திக் குறிப்பு தெரிவிக்கிறது என நான் எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் ஏற்றியபோது ஒரு வரி கூடிவிட்டது. கடைசி வார்த்தைகளை வெட்டினேன். "மீறிக் கடலுக்குச் சென்றதால் மிக்கேல் உயிரிழந்தார்" என்று முடிந்தது. கட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டது. எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இதழைக் கொண்டுவந்தேன். கையில் ஊசிக் குழாயோடு படித்தீர்கள்.

"இத யாருலே சொன்னது?"

"அரசுக் குறிப்பு அண்ணாச்சி."

"அது இதுல எங்க இருக்கு?"

இடம் போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று அது உண்மையும்கூட. நீங்கள் இதழை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள். "அப்போ நாமதான சொல்லியிருக்கோம்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள். என்னைத் திட்டவில்லை.

டாக்டர் சொல்லச் சொல்லக் கேட்காமல் வீட்டுக்கு வந்து, மூன்றாம் நாளே ஆட்டோ பிடித்துச் சங்குமேட்டுக்குப் போனீர்கள். அந்த நோட்டைப் பார்த்தீர்கள். மிக்கேல் பெயருக்கு நேரே அழகான கையெழுத்து இருந்தது. மிக்கேலின் மனைவி சேசம்மாள் வீட்டிலிருந்த காகிதங்களையெல்லாம் எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் பெருவிரல் ரேகை. அந்த மனிதருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கரையில் ஒலிபெருக்கி பல மாதங்களாகப் பழுதாகிக் கிடந்தது, அன்று யாரும் வந்து வாசிக்கவும் இல்லை என்று பக்கத்து வள்ளக்காரர்கள் மூன்று பேர் பெயர் கொடுத்துச் சொன்னார்கள். பதினான்கு வரிகளில் எழுதினீர்கள். மேலே 'நாலாம் பக்கம்' என்று குறித்து அடிக்கோடு இட்டீர்கள். செவ்வாய்க்கிழமை போய்விட்டீர்கள். அந்தத் தாள் உங்கள் மேசைமேல் டம்ளரை வைத்து மூடியபடி இருந்தது.

அந்த வாரம் இதழ் முழுக்க உங்களைப் பற்றித்தான். அடுத்த வாரம் வியாழக்கிழமை உச்சி நேரம் அந்தத் தாளைப் பொன்மாரியிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தயங்கினாள்.

"சார், இத சாயங்காலமா ஏத்திக்கிடுவமா?"

"எதற்கு? இப்போதே ஏற்று. கடைசி நேர அவசரமெல்லாம் எனக்கு ஆகாது."

"இல்ல சார், அண்ணாச்சி இருந்தா..."

"அண்ணாச்சி இல்லை. ஏற்று."

ஏற்றினாள். மூன்றரை மணிக்குப் பக்கத்தைத் தந்தாள். நான் உறையில் போட்டுக்கொண்டு போனேன்.

இப்போது இருக்கும் அதிகாரி வயதில் சிறியவர், மரியாதை தெரிந்தவர். உங்கள் மரணத்துக்கு வருத்தம் சொன்னார். பிறகு விரலை அந்தப் பதினான்கு வரிகளின்மேல் வைத்தார். வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். "நீங்க பெரியவங்க சார். உங்களுக்கே தெரியும்" என்றார். நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்து போன் செய்தேன்.

சனிக்கிழமை காலையில் சேசம்மாள் வந்தார். சங்குமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். கையில் அந்தப் பழைய இதழ், மிக்கேல் செய்தி வந்தது, நாலாக மடித்தது.

"ஐயா, போட்டுட்டியளா?"

"இந்த வாரம் இடமில்லை அம்மா. அடுத்த வாரம் பார்ப்போம்."

அவர் அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். மூன்று வாரமும் நான் பக்கத்தில் ஏற்றினேன், கொண்டுபோனேன், எடுத்தேன். மூன்றாவது முறை அவர் கோபப்பட்டார்.

"அவுகளப் பத்தித் தப்பாப் போடும்போது மட்டும் ஒங்களுக்கு எடம் இருந்துச்சோ?" என்றார். "கரையில என்ன பேசுதாவன்னு தெரியுமாய்யா? பேராச பிடிச்சுப் போனான், சொல்லச் சொல்லக் கேக்காமப் போய்ச் செத்தான்ங்கியாவ. எம்மவன் பள்ளிக்கூடம் போக மாட்டேங்கான். நான் காசு கேக்கல, பணம் கேக்கல. எம்புருசன் சொல் கேக்காதவன் இல்லன்னு ஒரு வரி போடுங்க. பேப்பர்ல வந்துட்டுங்கியாவ. பேப்பர்ல வந்ததப் பேப்பர்லதான அழிக்கணும்?"

"அரசாங்கம் சொன்னதைத்தான் அம்மா போட்டோம்."

"அரசாங்கம் சொல்லிச்சுன்னு எங்க போட்டிருக்கிய?" அவர் மடித்த இதழை விரித்து என் முன்னால் வைத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாரோ எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். "நீங்கதான சொல்லியிருக்கிய."

உங்கள் கேள்வி, அதே கேள்வி. நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன உணர்ந்தேன் என்று நேர்மையாகச் சொல்வதானால், ஒன்றும் உணரவில்லை. கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வியாழக்கிழமை நடந்ததைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அச்சாகாமல் நின்ற ஒவ்வொரு செய்திக்கும் ஒரு சீட்டு எழுதி, காரணத்தைக் குறித்துக் கோப்பில் வைப்பேன். வழக்கமாக 'இடமின்மை' என்று எழுதுவேன். சேசம்மாள் போன பிறகு அப்படி எழுத என்னால் முடியவில்லை. சரியான காரணத்தை எழுத வேண்டும், அதற்கு உத்தரவு எண் வேண்டும் என்று நினைத்தேன். ஆகவே விரல் தட்டிய பிறகு அதிகாரியிடம் கேட்டேன்.

"சார், இதை எழுத்தில் கொடுத்துவிடுங்களேன். கோப்புக்குத் தேவைப்படுகிறது."

"எத சார்?"

"இந்தச் செய்தியைப் போட வேண்டாம் என்று. உத்தரவு எண், தேதி, உங்கள் கையெழுத்து. அந்தப் பழைய உத்தரவின் நகல் இருந்தாலும் போதும். பக்கத்தைக் காட்டச் சொன்ன உத்தரவு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் கேலி செய்கிறேனோ என்று நினைத்திருப்பார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்படி ஒரு ஆர்டரே கிடையாதே சார்" என்றார். "நான் வந்த புதுசுல ஃபைல்ல தேடிப் பாத்தேன். ஒரு பேப்பரும் இல்ல. உங்க பத்திரிகை விருப்பப்பட்டுக் காட்டுதுன்னுதான் எனக்குச் சொன்னாங்க."

"விருப்பப்பட்டா?"

"நீங்கதானே சார் வாரா வாரம் வாறீங்க. நாங்க கூப்பிடலையே. வேற எந்தப் பத்திரிகையும் வர்றதில்ல."

"அப்படியென்றால் இந்தச் செய்தியைப் போடலாமா?"

"நான் போடுங்கன்னும் சொல்லல, போடாதீங்கன்னும் சொல்லல." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எழுத்துல எப்படி சார் தர முடியும்? தந்தா என் வேலை போயிரும்."

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். இத்தனை ஆண்டு வியாழக்கிழமைகளை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. மிச்சத்தையெல்லாம் நானே குடை பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அரசாங்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. கலவர நேரத்தில் ஒரு பொய்ச் செய்தி உயிரை வாங்கும். நம் தொழிலில் பொய் எழுதுகிறவர்கள் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். நாம் எழுதியது தப்பென்றால் அவர்கள் மறுக்கட்டும். மறுப்பை அதே இடத்தில் போடுவோம். வழக்குப் போடட்டும், போய் நிற்போம். அதெல்லாம் எல்லோரும் பார்க்க, எழுத்தில், பெயரோடு நடக்கிற காரியம். அச்சாகும் முன்னே கதவைச் சாத்திவிட்டு ஒரு விரல் தட்டுகிறதே, அதற்கு யார் பொறுப்பு? எழுத்தில் தர முடியாத எதையும் அவர்கள் கேட்கக் கூடாது. நாமும் செய்யக் கூடாது. இவ்வளவு எளிய விஷயத்தைக் கண்டுபிடிக்க எம்.ஏ. படித்த எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அன்று போன் செய்யவில்லை. வழியிலேயே இறங்கி, வேறு பஸ் பிடித்து அலுவலகத்துக்குத் திரும்பினேன். வியாழக்கிழமை மாலையில் நான் அங்கே போனதே இல்லை. ஐந்தரை இருக்கும். என்னைப் பார்த்ததும் பொன்மாரி எழுந்துவிட்டாள்.

"என்ன சார், எதையாவது வச்சுட்டுப் போயிட்டியளா?"

நான் நடந்ததைச் சொன்னேன். முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். எங்கே போகிறேன், எத்தனை ஆண்டாகப் போகிறேன், எல்லாம். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அண்ணாச்சிக்கும் தெரியும். ஒருநா அந்த மாடிப்படியில நீங்க ஏறுனத அவியளே பாத்துட்டாவ. அதுல இருந்துதான் நாலாம் பக்கம்."

புரியவில்லை என்றேன். பொன்மாரி புரிய வைத்தாள். நாலாம் பக்கத்தின் கீழ்ப்பாதி எப்போதும் காலியாக இருக்கும். "கடைசி நேரச் செய்தி வரும், விடுலே" என்பீர்கள். ஒழுங்கில்லாத வேலை என்று நான் உங்களிடம் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்! நான் உறையோடு படி இறங்கியதும் நீங்கள் சட்டைப் பையிலிருந்து தாளை எடுப்பீர்களாம். நான் போனில் எடுக்கச் சொன்ன செய்திகளையும் சில வாரம் கழித்துச் சுருக்கி அங்கேதான் ஏற்றுவீர்களாம். உப்பளத்துச் செய்தி, ஓட்டப்பிடாரம் பள்ளிக்கூடச் சுவர் விழுந்த செய்தி, எல்லாம் அப்படி வந்தவைதான். மறதியில் இரண்டாம் முறை கொடுத்துவிட்டீர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அவரிடம் யாரும் கேட்கவில்லையா?"

"ஒங்ககிட்டதான சார் கேப்பாவ."

உண்மைதான். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "நாலாம் பக்கத்துல அது எப்படி வந்தது சார்?" "கடைசி நேரத்தில் வந்தது போலிருக்கிறது சார், எனக்கே காலையில்தான் தெரியும்" என்பேன். அவர்கள் நம்பினார்கள். நானும் பொய் சொல்லவில்லை.

"சார்ட்ட ஏன் சொல்லலன்னு நான் ஒருக்கா அண்ணாச்சிட்டக் கேட்டேன்" என்றாள் பொன்மாரி.

"என்ன சொன்னார்?"

"'அவனுக்குத் தெரிஞ்சா மூஞ்சி காட்டிக் குடுத்துரும் பிள்ள. அவன் போய்ட்டு வரட்டும். அவன் போய்வாறதுனாலதான் நாம நிம்மதியா ரெண்டு செய்தி போடுதோம்'னாவ."

இதை எப்படி எடுத்துக்கொள்வது, அண்ணாச்சி? என்னை மன்னித்தீர்களா, பயன்படுத்திக்கொண்டீர்களா? என்மேல் கோபமே வரவில்லையா? நாலாம் பக்கத்தில் ஏறாமலே போன செய்திகள் எத்தனை? 'இடம் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு' என்றபோது நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தீர்களா? ஒவ்வொரு வாரமும் காத்திருந்தீர்களா? பதில் சொல்ல நீங்கள் இல்லை. பொன்மாரிக்கும் இதற்கு மேல் தெரியவில்லை.

அன்று மாலை அந்தச் செய்தியை நாலாம் பக்கத்தில் ஏற்றப் போனாள். "சத்தங்காட்டாமப் போட்டுருவோம் சார்" என்றாள். முதல் பக்கத்தில் போடு என்றேன். மிக்கேலைப் பற்றித் தப்பாக வந்த அதே இடத்தில், அதே அளவுக் கட்டத்தில். பதினான்கு வரி அதில் கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த விளம்பரத்தை உள்பக்கத்துக்குத் தள்ளச் சொன்னேன். கீழே ஒரு திருத்தமும் எழுதினேன்: முந்தைய செய்தியில், அது அரசுக் குறிப்பு தெரிவித்தது என்ற வரியை இடத்துக்காக வெட்டியவர் உதவி ஆசிரியர் சுப்பையா, தவறு அவருடையது.

ஏழு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போனது.

சனிக்கிழமை சேசம்மாள் வந்தார். "ஐயா, போட்டுட்டியளா?" என்று கேட்கும்போதே பதில் தெரிந்த குரலில் கேட்டார். இதழை அவர்முன் விரித்தேன். தன் கணவர் பெயர் எங்கே என்று கேட்டார். மிக்கேல் என்ற எழுத்தின்மேல் என் விரலை வைத்தேன். அந்த இடத்தை அவரும் தொட்டார். முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"இத யாரு சொன்னதுன்னு போட்டிருக்கியளா?"

"'என்று அவருடைய மனைவி சேசம்மாள் கூறுகிறார்' என்று போட்டிருக்கிறது."

"எம்பேரு இருக்கா?"

"இருக்கிறது. வேண்டாமென்றால்... உங்களுக்கு ஏதாவது தொந்தரவு வரும் என்றால்..."

"ஏய்யா வேண்டாம்? நாந்தான சொன்னேன். நான் சொன்னதுன்னு தெரியட்டும்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் நான்கு பிரதி கேட்டார். கரையில் கொடுக்க வேண்டுமாம். ஒன்றை மகனின் பள்ளிக்கூடத்துக்கு.

அந்த அதிகாரியால் தன் பெயரை ஒரு சீட்டில் எழுத முடியவில்லை. இந்த அம்மாளுக்கு எழுதவே தெரியாது.

அடுத்த வாரம் மூன்றரை மணிக்கு என் உடம்பு தானாக எழுந்துகொண்டது. உறையைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு அங்கிருந்து போன் வந்தது.

"என்ன சார், இன்னைக்கு வரல? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது சார்."

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. ஆதாரமில்லாத செய்தி வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு. அதில் எண் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. இத்தனை ஆண்டுகளில் அவர்கள் நமக்கு எழுத்தில் தந்த முதல் காகிதம். துளை போட்டுக் கோப்பில் வைத்தேன். விளக்கம் எழுதிக் கொடுத்தேன், ரேகை வைத்த காகிதங்களின் நகல்களோடு. மூன்று முறை வரச் சொல்லி நடைபாதைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். விசாரணை முடியவில்லை. மிக்கேலைப் பற்றிய குறிப்பை அவர்கள் திருத்தவும் இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போக வேண்டும். சேசம்மாளும் அந்த மூன்று வள்ளக்காரர்களும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பையன் பள்ளிக்கூடம் போகிறான்.

வீட்டில் என் மனைவி, "இந்த வயசுல ஒங்களுக்கு இது தேவையா?" என்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைக்கு எடுத்துப்போக வேண்டிய தாள்களை இப்போதே இரண்டு முறை அடுக்கிவிட்டேன். மூன்றாம் முறையும் அடுக்குவேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணாச்சி. பெரிய வாக்கெல்லாம் தர எனக்குத் தைரியம் போதாது. இனி வியாழக்கிழமை நான்கு மணிக்கு நான் நம் அலுவலகத்தில் இருப்பேன். நாலாம் பக்கம் மூன்றரை மணிக்கே நிரம்பியிருக்கும். ஒளித்துவைக்க அதில் இனி ஒன்றும் இல்லை. எவ்வளவு இடம் குறைந்தாலும், யார் சொன்னது என்ற வரியை மட்டும் வெட்ட மாட்டேன்.

இந்தக் கடிதத்தைச் சொல்வதும் நான்தான். பெயரைக் கீழே போட்டிருக்கிறேன்.

உங்களோடு பிறக்காத தம்பி,
சுப்பையா